தோல்விகளை எண்ணிய மருத்துவர்

அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் திருச்சுழிப் பேருந்துக்காகக் காத்து நிற்போர், தமிழகத்துப் பேருந்து நிலையங்கள் பலவற்றிலும் காணக்கூடிய ஒரு விளம்பரத்தை அங்கும் கண்டிருப்பர். மூலம், பவுத்திரம் ஆகிய நோய்கள் அறுவையின்றி, வலியின்றிக் குணமாகும் என்று கொட்டை எழுத்துகளில் அது உறுதி கூறும். மனித உடலின் ஓர் உறுப்பைப் பற்றி நம் ஊர்களில் உரக்கப் பேசுவது அந்தச் சுவர் மட்டுமே. மனைவி கணவனிடம் பேசுவதில்லை. தாய் மகளிடம் பேசுவதில்லை. மருத்துவரிடம்கூட 'வயிறு சரியில்லை' என்பதோடு நின்றுவிடுகிறோம்.

இந்த மௌனத்திற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை நாம் கண்ணால் கண்ட நாளில்தான் இக்கட்டுரையின் பொருள் நம் மனத்தில் ஊன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சுழிச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு நோயில் பூசுதல் வழங்கச் சென்றிருந்தோம். அறுபதைக் கடந்த தாய் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தார். செபங்கள் முடிந்து வெளியே வந்தபோது, மகள் திண்ணையோரம் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாமி, ஒரு வருசமா வெளிக்குப் போறப்போ ரத்தம் போயிருக்கு. மூலந்தான், தானாச் சரியாயிரும்னு சொல்லிச்சு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ மலக்குடல்ல புத்துன்னாங்க. ஈரல் வரைக்கும் பரவிருச்சாம்."

பத்து நாளில் அந்தத் தாய் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியின் மறையுரையில், 'நெடுநாள் வயிற்று நோயால் துன்புற்ற நம் சகோதரி' என்று குறிப்பிட்டோம். அன்று ஆலயத்தில் இருந்த பெண்களுள் எத்தனை பேர் அதே இரத்தத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனரோ! அவர்கள் கேட்டிருக்க வேண்டிய ஒரு சொல்லை, மரியாதை கருதி நாமும் மறைத்தோம்.

நம் கரிசல் பூமியில் இம்மறைப்புக்கு நிலமே துணை நின்றது. தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் விடியுமுன் எழுந்து, ஓடையோரத்துக் கருவேல மறைவுக்குச் சென்று வந்தனர். இருட்டில் இரத்தம் தெரியாது. வீடுகளில் கழிப்பறைகள் வந்துவிட்ட இந்நாளிலும், பாராமலும் பேசாமலும் இருக்கும் பழைய பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இவ்வுறுப்பின் நோய்களுக்கென்றே தம் வாழ்வை ஒப்படைத்த அறுவை மருத்துவர்கள் உலகில் உண்டு. அவர்களது வரலாற்றைத் தேடிப் படித்தபோது வில்லியம் எர்னஸ்ட் மைல்ஸ் என்பவரின் பணிவாழ்வு நம்மை நிறுத்தியது. நோயாளியின் வெட்கம் ஒரு மௌனம் என்றால், மருத்துவனின் தோல்வி இன்னொரு மௌனம். மைல்ஸ் உடைத்தது அந்த இரண்டாவது மௌனத்தை.

முன்னோர் கூசவில்லை

இந்நோய்களைப் பற்றிப் பேச நம் முன்னோர் இவ்வளவு கூசவில்லை. சுசுருத சங்கிதை மூலத்தையும் பவுத்திரத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, வகை பிரித்து, மருத்துவம் கூறுகிறது. காரம் ஏற்றிய நூலைப் புண்வழியில் செலுத்திக் கட்டி, அதைச் சிறுகச் சிறுக அறுபடச் செய்யும் முறையும் அதில் உண்டு. இலைக்கள்ளியின் பால், நாயுருவிச் சாம்பலின் உப்பு, மஞ்சள் ஆகியவை அந்நூலில் ஏறும். கள்ளியும் நாயுருவியும் நம் வேலியோரத்துச் செடிகளே அல்லவா?

அம்முறையை நவீன அறிவியல் சோதித்தும் பார்த்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் 502 பவுத்திர நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நூல் மருத்துவமும் மற்றப் பிரிவினருக்கு அறுவையும் செய்து, முடிவை 1991-ஆம் ஆண்டு வெளியிட்டது. அறுவை செய்த புண் 4 வாரத்தில் ஆறியது. நூல் கட்டிய புண் ஆற 8 வாரம் ஆயிற்று. ஆனால் நோய் மீண்டும் வந்தது அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 11 பேருக்கு. நூல் பிரிவில் 4 பேருக்கே. சுவர் விளம்பரத்திற்கும் மருத்துவத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகும். மருத்துவம் தன் நோயாளிகளை எண்ணுகிறது. திரும்பி வந்தவர்களையும் எண்ணுகிறது. சுவர் எவரையும் எண்ணுவதில்லை.

மேலை நாட்டிலும் இடைக்கால மக்கள் இந்நோயைப் பெயர் சொல்லி இறைவனிடம் முறையிட்டனர். ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சு நாட்டிற்கு வந்து துறவியாய் வாழ்ந்த புனித ஃபியாக்கரைத் தோட்டக்காரர்களும், மூலநோயால் வருந்தியோரும் தம் பாதுகாவலராகக் கொண்டனர். பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஆர்டெர்ன் என்ற அறுவை மருத்துவர் பவுத்திரத்தைக் குறித்துத் தனி நூலே எழுதினார். மருத்துவன் தற்பெருமை பேசலாகாது, நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்றும் அந்நூல் அறிவுறுத்துகிறது. இரகசியத்தைக் காப்பது வேறு, நோயை மறைப்பது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஏழு படுக்கைகள்

இவ்வுறுப்புக்கென உலகப் புகழ் பெற்ற மருத்துவமனை ஒன்று ஏழைகளுக்காகத் தோன்றியது. 1835-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிரெடெரிக் சால்மன் என்ற அறுவை மருத்துவர் ஏழே படுக்கைகளுடன் ஒரு சிறு மருத்துவ இல்லத்தைத் திறந்தார். பவுத்திரத்தாலும் மலக்குடல் நோய்களாலும் வருந்தும் ஏழைகளின் துயர்நீக்கும் இல்லம் என்பதே அதன் பெயர். நோயின் பெயரை வாசற்பலகையிலேயே எழுதிவைத்த துணிவை எண்ணிப் பாருங்கள்! புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சுக்கு 1841-இல் பவுத்திர அறுவை செய்தவரும் இந்தச் சால்மனே.

இல்லம் வளர்ந்து, பெரிய கட்டடத்திற்கு இடம் மாறியது. 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், நற்செய்தியாளரான புனித மாற்குவின் திருநாளன்று அது திறக்கப்பட்டமையால் புனித மாற்கு மருத்துவமனை என்ற பெயரும் அமைந்தது. இப்பள்ளியில் பயின்றவர்தாம் நாம் சொல்லவந்த மைல்ஸ்.

ஐம்பத்தேழில் ஐம்பத்துநான்கு

மைல்ஸ் 1869-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டிரினிடாடில் பிறந்தார். தந்தை அங்கே ஒரு கல்லூரிப் பள்ளியின் தலைமையாசிரியர். இலண்டன் சென்று புனித பர்த்தலமேயு மருத்துவமனையில் மருத்துவம் பயின்ற மைல்ஸ், பின்னர் புனித மாற்கு மருத்துவமனையில் டேவிட் குட்சால் என்பவரிடம் உதவியாளராய்ச் சேர்ந்தார். ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து மலக்குடல் நோய்களைப் பற்றி எழுதிய நூல் 1900-இலும் 1905-இலும் இரு பகுதிகளாய் வெளிவந்தது. பிறகு இலண்டன் புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை மருத்துவராய் அமர்ந்தார்.

அக்காலத்தில் மலக்குடல் புற்றுநோய்க்குக் கீழ்ப்புறத்திலிருந்தே அறுவை செய்வர். கட்டி நீங்கும், புண் ஆறும், நோயாளி வீடு திரும்புவார். அறுவை வெற்றி என்று அனைவரும் மகிழ்வர். சில மாதங்களிலோ, இரண்டு மூன்று ஆண்டுகளிலோ நோய் திரும்ப வரும். பெரும்பாலான மருத்துவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நோயாளி வீடு திரும்பியதே அவர்களது கணக்கின் கடைசி வரி.

மைல்ஸ் அக்கணக்கை அங்கே முடிக்கவில்லை. 1899 முதல் 1906 வரை தாம் இவ்வாறு அறுவை செய்த 57 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்களுள் 54 பேருக்கு நோய் மீண்டும் வந்தது. ஐம்பத்தேழில் ஐம்பத்துநான்கு! வேறொருவராயின் இவ்வெண்ணைத் தம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பார். மைல்ஸ் அதை மருத்துவ உலகம் முழுவதும் படிக்கும் 'லான்செட்' இதழில் 1908-ஆம் ஆண்டு அச்சேற்றினார்.

எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டார். இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, நோய் எங்கே எஞ்சி நின்றது என்று தேடினார். நம் புன்செய்க்காரர்களுக்குக் கோரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தழையை அறுத்தால் நிலம் சுத்தமானதுபோல் தோன்றும். மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கும்வரை ஒரு மழைக்கு மீண்டும் முளைத்துவிடும். மைல்ஸ் கண்டதும் அதுவே. நிணநீர்ப் பாதைகள் வழியே இந்நோய் கீழ்நோக்கியும், பக்கவாட்டிலும், மேல்நோக்கியும் பரவுகிறது. மேல்நோக்கிப் பரவிய வேர் வயிற்றுக்குள் இருக்க, மருத்துவர்கள் கீழிருந்தே அறுத்துக்கொண்டிருந்தனர்.

எனவே வயிற்றைத் திறந்து மேலிருந்தும், பின்னர்க் கீழிருந்தும் என இருவழியாக, மலக்குடலையும் அதைச் சூழ்ந்த நிணநீர்ப் பகுதிகளையும் ஒருசேர அகற்றும் பெரிய அறுவை ஒன்றை வகுத்தார். மலம் வெளியேற வயிற்றின் இடப்பக்கத்தில் நிலையான புதிய வாயில் ஒன்றை அமைத்தார். அம்முறையில் முதலில் அறுவை செய்துகொண்ட 12 பேருள் 5 பேர் அறுவையின் விளைவாகவே இறந்தனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். இரத்தம் ஏற்றுவது வழக்கத்திற்கு வராத காலம். அந்த ஐந்து மரணங்களையும் அவர் அதே கட்டுரையில் எழுதினார்.

அந்த நேர்மையே பின்வந்தோருக்கு வழியாயிற்று. முறை திருந்தத் திருந்த அறுவை மரணங்கள் குறைந்தன. 1923-ஆம் ஆண்டளவில் நோய் திரும்புவது நூற்றுக்கு சுமார் 30 பேர் என்ற அளவுக்கு இறங்கியதாக மைல்ஸ் அறிவித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலகின் அறுவை மருத்துவர் பலரும் கைக்கொண்ட முறை அது. 1947-இல் அவர் மறைந்தார்.

இம்மனிதரைப் பற்றிப் படித்தபோது, ஒவ்வொரு நாளும் உறங்குமுன் மனச்சான்றை ஆய்வு செய்யக் குருமடத்தில் நமக்குக் கற்பித்தது நினைவுக்கு வந்தது. அன்றைய நன்மைகளைப் பட்டியலிடுவது எளிது. தவறியவற்றை எண்ணி, ஏன் தவறின என்று கேட்பதே கடினம். மைல்ஸ் தம் தொழிலையே அவ்வாறு ஆய்வு செய்தார்.

மூன்று எழுத்துகள்

மைல்சின் காலத்திலேயே புனித மாற்கு மருத்துவமனையில் இன்னொருவர் எண்ணத் தொடங்கினார். கத்பர்ட் டியூக்ஸ் 1922-இல் அங்கு நோயியல் அறிஞராய்ச் சேர்ந்தார். அவர் கத்தி எடுக்கவில்லை; அறுவை மருத்துவர் அகற்றிய குடல் ஒவ்வொன்றையும் வெட்டி, நோய் எவ்வளவு ஆழம் சென்றது எனப் பார்த்துக் குறித்தார். குடற்சுவருக்குள் அடங்கியது 'ஏ'. சுவரைத் தாண்டியது 'பி'. நிணநீர்க் கணுக்களை எட்டியது 'சி' என 1932-இல் அவர் வகுத்த முறை உலகெங்கும் பரவியது.

அந்த மூன்று எழுத்துகள் சொல்லும் செய்தி ஒன்றே. 'ஏ' நிலையில் வந்தவருள் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். 'சி' நிலையில் வந்தவருள் பலர் இறந்தனர். இரு நிலைகளுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் காலம். அந்தக் காலத்தைத்தான் நம் திருச்சுழிச் சாலைத் தாய் ஒரு சத்தியத்தின் கீழ்ப் பூட்டி வைத்தார்.

ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்நோய் வருவதையும் அம்மருத்துவமனையில் கவனித்தனர். குடலில் நூற்றுக்கணக்கான சிறு முளைகள் தோன்றிப் பின் புற்றாக மாறும் பரம்பரை நோய் அது. அத்தகைய குடும்பங்களுக்கென 1924-இல் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. ஆய்வுக்கூட உதவியாளராய் வேலைக்கு வந்த பஸ்ஸி என்ற இளைஞர் அப்பதிவேட்டைப் பல பத்தாண்டுகள் பேணி, அதையே ஆராய்ந்து பட்டமும் பெற்றார். பெயர்களை வரிசையாய் எழுதிவைத்த அப்பணியால், இன்னும் நோய் தோன்றாத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முன்கூட்டியே காக்கப்பட்டனர்.

ஒரு தங்கையின் மரணம்

நம் தமிழகத்துக்கு வருவோம். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியை அறியாதார் இலர். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்றே அவரை நினைவுகூர்கிறோம். அவருடைய தங்கை 1920-களின் தொடக்கத்தில் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவரைக் கொண்டுசென்றது மலக்குடல் புற்றுநோய். மருத்துவராகிய தமக்கை அருகிலிருந்தும் காக்க இயலவில்லை.

1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற முத்துலெட்சுமி, இலண்டன் புற்றுநோய் மருத்துவமனையையும் கண்டார். மைல்ஸ் பணிபுரிந்த மருத்துவமனை அது. அத்தகைய ஒன்று நம் மக்களுக்கும் வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேர்விட்டது. எண்ணம் கட்டடமாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. சால்மனின் ஏழு படுக்கைகளைப் போலவே இதுவும் சிறிதாய்த் தொடங்கிய இல்லம். முத்துலெட்சுமியின் மகனான அறுவை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்நிலையத்தோடே வாழ்ந்தார்.

இங்கும் எண்ணும் பணி நடந்தது. 1982 முதல் சென்னை மாநகரில் புற்றுநோயால் பாதிக்கப்படுவோரை முறையாய்ப் பதிவு செய்யும் ஏடு ஒன்று இந்நிலையத்தில் பேணப்படுகிறது. மேலை நாடுகளை நோக்க நம்மிடையே பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் குறைவு என்பதை இந்தியப் பதிவேடுகள் காட்டின. ஆயினும் நகரங்களில் அது கூடிவருவதையும் அவையே எச்சரிக்கின்றன.

குறைவாய் இருந்ததற்குக் காரணம் என்ன? இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்கோத்ரா, நாடெங்கும் பரவிக் கிடந்த இரயில்வே ஊழியரின் நோய்களை ஒப்பிட்டு 1967-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குடல் புற்றுநோய் வட இந்தியரிடம் குறைவாகவும் தென்னிந்தியரிடம் அதைவிட மிகுதியாகவும் இருக்கக் கண்டு, உணவிலுள்ள நார், நன்கு மென்று உண்ணல், தயிர், மோர் ஆகியவற்றை அவர் காரணங்களாய்ச் சுட்டினார். உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவரும் நூற்றுக்கு மேற்பட்ட மிஷன் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி, எந்த ஊரில் எந்த நோய் எத்தனை என்று கேட்டுக் கேட்டு எண்ணினார். நார் மிகுந்த உணவை உண்ணும் ஏழை ஆப்பிரிக்க மக்களிடம் குடல் புற்றுநோய் அரிது என்று 1971-இல் எழுதினார். முழுத்தானியம் நன்மை செய்யும் என்ற அவரது கருத்தைப் பின்வந்த பெரிய ஆய்வுகளும் வலுப்படுத்தியுள்ளன.

கம்பும் சோளமும் குதிரைவாலியும் வரகும் விளைந்த நம் பூமியில், 'கஞ்சிக்குடி' என்று ஏளனம் செய்யப்பட்ட உணவே குடலுக்கு உகந்தது என்பது மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் அடக்கம் செய்த அந்தத் தாயும் வாழ்நாளெல்லாம் கம்பங்கூழ் குடித்தவரே. உணவு நோயின் வாய்ப்பைக் குறைக்கும். இரத்தத்தைக் கண்டபின் வாய் திறக்க வேண்டிய கடமையைக் குறைக்காது.

பிழைத்தபின் எப்படி வாழ்வது?

மைல்ஸ் கேட்ட கேள்வி, 'நோயாளி பிழைப்பாரா?' என்பது. அவர் பிழைத்தபின் எப்படி வாழ்வார் என்பது அடுத்த தலைமுறையின் கேள்வி. வயிற்றில் வாயில் கொண்டவர் துணியையும் பஞ்சையும் கட்டிக்கொண்டு, வாடைக்கு அஞ்சி, நான்கு சுவருக்குள் முடங்கினார். உயிர் காத்த அறுவை சிலரை உயிரோடு ஒதுக்கியும் வைத்தது.

டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலியர் இருந்தார். அவருடைய சகோதரி தோரா முப்பத்திரண்டு வயதில் இத்தகைய அறுவை செய்துகொண்டு, வெளியே வரவே அஞ்சினார். அவருக்காக 1954-இல் எலிசே, தோலில் ஒட்டிக்கொள்ளும், கசியாத, பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பிளாஸ்டிக் பை ஒன்றைச் சிந்தித்து அமைத்தார். ஒரு தங்கையின் மரணத்தால் அடையாற்றில் நிலையம் எழுந்த அதே ஆண்டில், இன்னொரு சகோதரியின் கண்ணீரால் இந்தப் பை பிறந்தது. இன்று உலகெங்கும் எண்ணற்றோர் அதை அணிந்து வேலைக்குச் செல்கின்றனர், பயணம் செய்கின்றனர், வழிபடுகின்றனர்.

அறுவையும் மாறியது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து அறுவை மருத்துவர் ஹீல்ட், நோய் திரும்புவது ஏன் என்ற மைல்சின் பழைய கேள்வியையே மீண்டும் எடுத்தார். மலக்குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நோய்த் துகள்கள் தங்கிவிடுகின்றன என்று 1982-இல் எழுதினார். அவ்வுறையைக் கிழிக்காமல் முழுதாய் எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு என்று காட்டினார். நுங்கை அதன் மெல்லிய தோல் கிழியாமல், உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் எடுக்கும் கையை நம் பனைக்காட்டில் கண்டிருக்கிறோம். அதுபோன்ற பொறுமை இது. உறைக்கும் உடலுக்கும் நடுவே இயற்கையாய் அமைந்த மெல்லிய இடைவெளியை ஹீல்ட் 'புனிதத் தளம்' என்றே அழைத்தார். அத்தளத்தில் கத்தி சென்றால் சிறுநீருக்கும் இல்லற வாழ்வுக்கும் உரிய நரம்புகள் பிழைக்கும். குடலைக் கீழே இணைத்து, நிலையான பையைத் தவிர்க்கவும் பலருக்கு இயலும்.

இவையெல்லாம் எங்கோ இலண்டனில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல், இரைப்பை அறுவைக்கெனத் தனித்துறையை நிறுவி, நாட்டிலேயே முதலாக அதற்கு உயர்பட்டப் படிப்பையும் தொடங்கியவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம். 2002-இல் பத்மபூஷண் விருது பெற்று, 2013-இல் மறைந்தார். அத்தகைய துறை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் உண்டு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் அறுவைக்கும் கைகொடுக்கிறது. நம் மக்களுக்கு இன்று தூரம் தடையன்று. பணமும் முன்போல் தடையன்று. எஞ்சி நிற்கும் தடை வெட்கமே.

ஆலயத்தின் வாசற்படியில்

நம் பங்கு மக்களுள் நெசவாளர் ஒருவர். மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு பையுடன் வீடு திரும்பியவர். அவர் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குள் வராமல் வாசற்படியிலேயே அமர்ந்திருக்கக் கண்டோம். பல மாதம் அதை அலட்சியம் என்றே எண்ணி, ஒருநாள் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவர் தலை குனிந்து, "சாமி, பை வெச்சிருக்கேன். வாடை வந்துச்சுன்னா நாலு பேரு மொகம் சுளிப்பாங்க. அதான் இங்கனயே உக்காந்துக்கிறேன்" என்றார். நாம் வாயடைத்து நின்றோம்.

தம் அறுவை மருத்துவரிடம் முதலில் என்ன கேட்டீர்கள் என்று பின்னொரு நாள் வினவினோம். "மறுபடி தறியில உக்கார முடியுமான்னு கேட்டேன் சாமி" என்றார். நூறாண்டுக் கால ஆராய்ச்சி அனைத்தும் விடைகூற வேண்டிய கேள்வி அந்த ஒன்றே என்று நமக்குத் தோன்றியது. அவர் இன்று தறியில் அமர்கிறார்; பை அழுந்தாதவாறு இருக்கையைச் சற்று உயர்த்திக்கொண்டிருக்கிறார். திருப்பலியில் இப்போது மூன்றாம் வரிசையில் அமர்கிறார். தம் அன்பியக் கூட்டத்தில் தமக்கு வந்த நோயைப் பெயர் சொல்லி அவரே பேசினார். கூட்டம் முடிந்ததும் பெண்ணொருத்தி அவர் மனைவியைத் தனியே அழைத்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்டாராம்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நற்செய்தியில் நாம் அறிவோம். கூட்டத்தின் நடுவே பின்புறமாய் வந்து, எவரும் அறியாமல் தொட்டுவிட்டுப் போய்விடவே அவர் விரும்பினார். ஆண்டவர் நின்று, தம்மைத் தொட்டவர் யாரென்று கேட்டார். அவரை நாணச் செய்வதற்காகவா? இல்லை. நலம் பெற்றவர் இனி மறைந்து வாழ வேண்டியதில்லை என்று ஊரறியச் சொல்வதற்காகவே.

அன்பார்ந்தவர்களே, மலத்தில் இரத்தம், பல வாரம் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், கழித்தபின்னும் தீராத உணர்வு, காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை - இவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவரிடம் செல்லுங்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும்; ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் சோதித்துப் பார்த்த மருத்துவர்; நாமும் அல்லர், பேருந்து நிலையச் சுவரும் அன்று. விரலால் தொட்டுப் பார்க்கும் ஒரு நிமிடச் சோதனையிலேயே மலக்குடல் கட்டிகள் பல அகப்பட்டுவிடும்.

நாமும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி அடக்கத் திருப்பலிகளில், குடும்பத்தார் இசைந்தால், நோயின் பெயரை மறைக்காமல் சொல்வோம். ஐம்பத்தேழில் ஐம்பத்துநான்கு என்று ஒரு மருத்துவர் உலகறியத் தம் தோல்வியை எழுத முடிந்ததென்றால், நம் பங்கில் ஒருவர் எந்நோயால் இறந்தார் என்று சொல்ல நமக்கு ஏன் நா எழவில்லை? சென்ற மாதம் ஓர் அடக்கத் திருப்பலியில் முதன்முறையாக அப்படிச் சொன்னோம். ஆலயம் ஒரு கணம் அசைவற்றிருந்தது. மூன்றாம் வரிசையில் அந்த நெசவாளர் மட்டும் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தார்.